தொட்டி வண்டி கஜபதி

முதல் உதையிலேயே எஞ்சின் கிளம்பிவிட்டால் கஜபதிக்குச் சந்தேகம் வந்துவிடும். உடனே அதை அணைத்துவிட்டு, தலையை ஒருபுறம் சாய்த்துச் சற்று நேரம் நிற்பார். பிறகு கார்புரேட்டரின் மேலுள்ள சிறு பொத்தானை விரலால் இரண்டு முறை அமுக்கி, பெட்ரோல் கசிந்து விரல் நனைகிறதா என்று பார்ப்பார். கைப்பிடியை ஒட்டிய நெம்புகோலை மூன்றில் ஒரு பங்கு பின்னுக்குத் தள்ளி, வால்வைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெறும் உதையாக இரண்டு உதைப்பார். மூன்றாவது உதைதான் மெய்யான உதை. "மொத ரெண்டும் அத்த எழுப்பறதுக்கு. தூங்கிகினு கீறவன ஒரே அடியா அடிச்சி எழுப்பினா எந்திரிப்பானா, திட்டுவானா?" என்பது அவர் வாதம்.

கஜபதிக்கு வயது நாற்பத்தொன்று. அரக்கோணம் ரயில்வே பட்டறையில் பிட்டர். ஒல்லியான உருவம், ஆனால் உதைத்து உதைத்து, வலக்காலின் ஆடுசதை மட்டும் இடக்காலினுடையதைவிட ஒரு விரற்கடை பருத்திருக்கிறது. நகக்கண்களில் உள்ள கறுப்பு கிருத்திகை முழுக்குக்கும் போவதில்லை. இடுப்பு மடிப்பில் எந்நேரமும் ஒரு சிறிய ஸ்பேனர் இருக்கும். யாரிடம் பேசினாலும் அவருடைய முகத்தைப் பாராமல், அருகில் தளர்ந்து கிடக்கும் திருகு ஏதேனும் உண்டா என்று அவர் கண்கள் தேடிக்கொண்டிருக்கும். மைத்துனன் சடகோபனின் திருமணத்தில், தாலி கட்டும் வேளையில் பெண்ணுக்கு அண்ணன் முறையில் நிற்க வேண்டிய ஒருவரை விலக்கிவிட்டு, அவருக்குப் பின்னால் ஆடிக்கொண்டிருந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் பிடியை இவர் முடுக்கிக்கொண்டிருந்ததாகச் சொல்வார்கள். அதை அவர் மறுப்பதில்லை. "ஆடிச்சி. வுட்டா மணவறை மேலதான் வுழுந்திருக்கும்," என்பார்.

ரயில்வே ஊழியர் என்ற முறையில் திருத்தணிக்கும் அரக்கோணத்துக்கும் இடையே இலவசமாகப் போய்வர அவருக்குப் பாஸ் உண்டு. ஸ்டேஷனும் வீட்டிலிருந்து கூப்பிடு தூரந்தான். ஆயினும் இரண்டு ஆண்டுகள் அந்தப் பாஸைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில்தான் அவர் வேலைக்குப் போய்வந்தார். சாலையும் இருப்புப்பாதையும் நெருங்கி ஓடும் ஓரிடத்தில், உடன் வேலை செய்பவர்கள் ரயில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "இன்னா கஜபதி, பாஸு பத்திரமா கீதா?" என்று கூவுவார்கள். அவர் ஒரு கையை எடுத்துச் சட்டைப்பையைத் தட்டிக் காட்டுவார். ரயிலோடு அவர் போட்டி போட்டதே இல்லை. அந்த வழியில் மூன்று இறக்கங்கள் உண்டு. ஒவ்வொன்றின் உச்சியிலும் எஞ்சினை அணைத்துவிட்டு, பெட்ரோலை மிச்சப்படுத்திக்கொண்டு, ஓசையின்றி உருண்டு செல்லும் மனிதர் ரயிலை எப்படி முந்துவது?

வண்டி பட்டாளத்தில் இருந்தது. யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான்களைச் சென்னையில் ஏலத்துக்கு விட்டபோது அவருக்குக் கிடைத்தது. ஐந்நூறு சி.சி. பி.எஸ்.ஏ.; காக்கிச் சாயம்; இடப்பக்கத்தில் ஒற்றைச் சக்கரத்தின்மேல் ஓர் ஆள் உட்காரும்படியான இரும்புத் தொட்டி. அவருக்குத் தொட்டி வேண்டியிருக்கவில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கூட்ஸ் ரயிலில் வந்து இறங்கியதைக் கண்டு, கஜபதி பீரங்கி வாங்கி வந்திருப்பதாக ஊரில் பேச்சாயிற்று. அதைக் கழற்றி, துருவைச் சுரண்டி, இல்லாத பாகங்களை மூர் மார்க்கெட்டில் ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து, எட்டு மாதம் கழித்து அவர் உதைத்தார். எத்தனையாவது உதையில் கிளம்பியது என்பதைப் பற்றி மட்டும் அவர் பேசுவதில்லை.

தொட்டி காலியாக இருந்தால் இடப்பக்கம் திரும்பும்போது அதன் சக்கரம் தரையை விட்டு எழும்பும். ஆகவே பாரம் வேண்டும். முதல் வாரத்தில், காலையில் துவையல் அரைக்கப் போன மனைவி தாயம்மாள் அம்மிக்கல்லைக் காணாமல் தெருவையே கூட்டிவிட்டாள். கல் அப்போது அரக்கோணத்தில், பட்டறை வாசலில், தொட்டிக்குள் சாக்கின்மேல் வீற்றிருந்தது. மாலையில் அதைத் தூக்கி இறக்கி வைத்தவரிடம் தாயம்மாள், "நாளைக்கு என்னையும் தூக்கிப் போட்டுகினு போயிடு. வூட்ல கல்லு ஒண்ணு, நான் ஒண்ணுதான் பாரமா கீறோம்," என்றாள். அதன்பிறகு அவர் உடைந்த ஆட்டுக்கல் ஒன்றைத் தேடிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வண்டியைப் பிரிக்கும் நாள். பழுது இருந்தால்தான் பிரிப்பது என்பது அவருக்கு ஒவ்வாத கொள்கை. வாசலில் நனைத்துக் காயவைத்த சாக்கை விரித்து, கழற்றியவற்றைக் கழற்றிய வரிசையிலேயே இடமிருந்து வலமாக வைப்பார். கடைசியாக வைத்ததை முதலில் எடுத்தால் வண்டி தானாகக் கூடிவிடும். அந்தச் சாக்கைத் தாண்டிப் போக யாருக்கும் அனுமதி இல்லை; கோழிக்குக்கூட ஒரு கூடை போட்டு வைத்திருப்பார். சிலிண்டர் தலையில் படிந்த கரியை மூங்கில் சில்லால்தான் சுரண்டுவார். இரும்பு பட்டால் கீறும். பூட்டி முடித்ததும் எஞ்சினை ஓடவிட்டு, நீண்ட திருப்புளியின் முனையை அதன்மேல் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். அந்த நிலையில் அவரைக் கூப்பிட்டால் பதில் வராது.

சங்கிலிக்கு மட்டும் அடுப்படியில் வேலை. மண்ணெண்ணெயில் கழுவிய சங்கிலியை, கிரீஸும் காரீயப் பொடியும் கலந்த ஒரு பழைய வாணலியில் சுருட்டி வைத்து, இளஞ்சூட்டில் அரைமணி நேரம் காய்ச்சினால்தான் எண்ணெய் உட்கணுவரை இறங்கும். இதற்காகத் தாயம்மாள் அடுப்பின் பின்வாயை விட்டுக்கொடுத்திருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் என்ன வேகிறது என்று கேட்டால், "எங்கூட்டுக்காரருக்கு நண்டு," என்று சொல்லி அனுப்பிவிடுவாள்.

இவ்வளவும் சென்ற சித்திரைவரை ஒழுங்காக நடந்துவந்தன. பெட்ரோல் இன்னும் கூப்பனுக்குத்தான் கிடைக்கிறது. கூப்பனை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். முதல் இரண்டு முறை கேள்வியில்லாமல் கொடுத்தார்கள். இம்முறை விண்ணப்பத்தில் புதிதாக ஒரு கட்டம் முளைத்திருந்தது: வாகனம் என்ன அவசியத்துக்காகத் தேவைப்படுகிறது? டாக்டர், 'நோயாளிகள்' என்று எழுதினார்; மண்டிக்காரர், 'நெல்' என்று எழுதினார். கஜபதி அரைமணி நேரம் யோசித்தார். பிறகு தம் சீரான கையெழுத்தில், 'ஓடாமல் நின்றால் எஞ்சின் கெட்டுவிடும். அது கெடாமல் இருப்பதற்காக' என்று எழுதிக் கொடுத்தார்.

வழங்கல் அதிகாரி வேதாசலம் பொல்லாதவர் அல்லர். அந்தக் கட்டத்தை இரண்டு முறை படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"எஞ்சின் நல்லா இருக்கறதுக்குப் பெட்ரோல் வேணும். சரி. நடுவுல நீங்க எங்கதான் போறீங்க?"

"அரக்கோணத்துக்குங்க."

"ரயில் பாஸ் இருக்குதா?"

"ஆங், கீதுங்க," என்று சொல்லி, அவர் கேட்காமலேயே அதை எடுத்து மேஜைமேல் வைத்தார் கஜபதி.

வேதாசலம் பாஸையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். அதற்குப் பின் அவர் சொன்னதெல்லாம் நியாயந்தான். விளக்குக்கு மண்ணெண்ணெய் கிடைக்காமல் ஊர் திண்டாடும்போது, எஞ்சினின் உடல்நலத்துக்காகப் பெட்ரோல் கொடுக்க இடமில்லை. அந்த வண்டியால் பிறருக்கு ஆகவேண்டிய வேலை ஒன்று உண்டு என்று, அந்த வேலையில் இருப்பவர் எவராவது எழுதித் தந்தால் அவ்வேலைக்கு மட்டும் கொடுக்கலாம். மாதக் கடைசிக்குள் வர வேண்டும். தவறினால் பட்டியல் மூடப்படும். பிறகு அடுத்த சித்திரைதான்.

மறுநாள் முதல் கஜபதி ரயிலில் போனார். பெட்டியில் இருந்தவர்கள் முதல் இரண்டு நாள் கேலி செய்தார்கள். மூன்றாம் நாள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்து இடம் கொடுத்தார்கள். மணவூரிலிருந்து வீராசாமி என்ற விவசாயி வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். எஞ்சினை மட்டும் கழற்றிக் கிணற்றோரம் சிமெண்டில் பதித்துவிட்டால் இரண்டு காணிக்குத் தண்ணீர் இறைக்கும் என்பது அவர் எண்ணம். மாதக் கடைசியில் பணத்தோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் போனபின் கஜபதி வண்டியை வெயில் படாத இடத்துக்கு நகர்த்தி, டயர் தட்டையாகாமலிருக்கச் செங்கல்லில் ஏற்றினார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் சாக்கை விரிக்கவில்லை. நெடுநேரம் பார்த்திருந்த தாயம்மாள், அடுப்பின் பின்வாயில் வாணலியை வைத்துவிட்டு வாசலுக்கு வந்து, "சங்கிலி போடலியா? அடுப்பு சும்மா எரியுது," என்றாள். அவர் எழுந்து சங்கிலியைக் கழற்றினார்.

பஜாரில் சைக்கிள் கடை வைத்திருக்கும் சடகோபனுக்கு இந்தத் துக்கம் விளங்கவில்லை. அவன் யோசனை எளியது. "பாவா, நூல் ஏத்திகினு போறேன்னு எழுது. பொதட்டூர்பேட்டையில வூட்டுக்கு வூடு தறி. எவனாச்சும் ஒருத்தன் கையெழுத்துப் போட மாட்டானா? யாரு வந்து பாக்கப் போறான்?"

"ஒத்துவராத நட்டத் திருகி ஏத்தினா பாக்கறவனுக்குத் தெரியாதுடா. மரைக்குத் தெரியும்," என்றார் கஜபதி. சடகோபன் தலையில் அடித்துக்கொண்டு போனான்.

மாதம் முடிய மூன்று நாள் இருக்கையில், ஒரு சனிக்கிழமை மாலை, கௌரியம்மாள் வந்தார். திருத்தணிக்கும் அதைச் சுற்றிய பதினேழு கிராமங்களுக்கும் அவர்தான் ஜில்லா போர்டு மருத்துவச்சி. ஐம்பது வயது, குடை, தோல் பை, உரத்த குரல். முனியனின் ஒற்றை மாட்டு வண்டியில் நாளுக்கு ஒரு கிராமம் என்று போய்வருபவர். மாட்டுக்குக் குளம்பு வெடித்து நான்கு நாளாகிவிட்டது. ஆறு மைலுக்கு அப்பால், பொதட்டூர்பேட்டைச் சாலையில், நாள் நெருங்கியவர்கள் மூவர் இருந்தார்கள். அவர்களைப் பார்க்காமல் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"ஏம்பா கஜபதி, இந்தத் தொட்டியில மனுசங்க உக்காரலாமா, இல்ல கல்லு மட்டுந்தானா?"

கஜபதி எழுந்து நின்று அவரை மேலும் கீழும் கவனமாகப் பார்த்தார். "அம்மா எவ்ளோ எடை இருப்பீங்க?" என்றார்.

உள்ளே தாயம்மாளின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

"உம் பொண்டாட்டிக்கு மூணு பிரசவம் பாத்தவ நானு. என்ன தராசுல நிறுத்தறியா நீ?" என்றார் கௌரியம்மாள். ஆட்டுக்கல்லை எடுப்பதா, பாதியை வைத்திருப்பதா என்பதற்காகக் கேட்டதைக் கஜபதி விளக்கியபின், "எடுத்துடு. அதுக்கு மேலயே இருப்பேன்," என்று அந்தப் பேச்சை முடித்தார். கூப்பன் செய்தியெல்லாம் அவர் காதுக்கு எட்டியிருந்தது. பொய்யாக எழுதித்தர அவர் ஒப்பமாட்டார். ஒரு முறை போய்வந்து பார்ப்பார்; வேலைக்கு ஆகுமென்றால் எழுதித் தருவார்; ஆகாதென்றால் அவருக்கு மாடே போதும். "நாளைக்குக் காலையில," என்றார்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமைங்களே. அன்னிக்குத்தான் பிரிக்கிறது."

"ஒரு வாரம் பிரிக்காம இருந்தா செத்துப்பூடுமா அது?"

கஜபதி இதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. வண்டியைப் பார்த்தார், யோசித்தார். "சாவாதுங்க," என்றார்.

பொழுது சாயும்வரை தொட்டியைக் கழுவித் துடைத்து, கம்பளியை மடித்துப் போட்டு, குடை வைக்க ஒரு வளையம்கூடக் கட்டினார். டாங்கியில் பெட்ரோல் எவ்வளவு என்று வழக்கமாக மூங்கில் குச்சியை விட்டு அளப்பவர், அன்று அளக்கவில்லை. கூப்பன் நின்ற நாளில் இருபது மைலுக்குப் போதுமானது இருந்தது. அதன்பின் வண்டி வாசலைத் தாண்டவில்லை. அந்த நினைவே போதுமென்று இருந்துவிட்டார்.

காலை ஏழு மணிக்குத் தெருவே திரண்டிருந்தது. கௌரியம்மாள் முந்தானையை இறுகச் செருகி, பையை மடியில் வைத்து, தொட்டியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பிரசவத்துக்கும் இத்தினி பேரு வருவீங்களா?" என்று அவர் கேட்டதும் கூட்டம் சற்றுப் பின்வாங்கியது. இரண்டு வெறும் உதை; மூன்றாவதில் வண்டி கிளம்பியது.

முதல் இறக்கத்தின் உச்சியில், பழக்க தோஷத்தால், கஜபதி எஞ்சினை அணைத்தார். கௌரியம்மாள் தொட்டியின் விளிம்பை இரு கைகளாலும் பற்றிக்கொண்டார்.

"நின்னுபூடுச்சா?"

"இல்லீங்க. எறக்கம். தானா போவும்."

காற்றின் ஓசை மட்டும் கேட்டது. வேர்க்கடலைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். கௌரியம்மாள் மெதுவாக ஒரு கையை விடுவித்து, பிறகு மற்றதையும் விடுவித்து, மடியில் கோத்துக்கொண்டார்.

ஆறு மைலைக் கடக்க இருபத்திரண்டு நிமிடம் ஆயிற்று. மாட்டுக்கு அது இரண்டு மணி நேரத்துக்கு மேல். முதல் வீட்டில் மணியம்மைக்கு ஒன்பதாம் மாதம். கால் வீங்கி, முகமும் ஊதியிருந்தது. இரண்டு நாள் தாமதித்தால் ஆபத்து என்று கண்டு, அன்றே திருத்தணி ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போகும்படி புருஷனிடம் கண்டித்துச் சொல்லி, அவர்கள் வண்டி பூட்டும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் கௌரியம்மாள் நகர்ந்தார். பிறகு கெங்கம்மாள் வீடு; பிறகு இன்னொரு வீடு. இதற்கிடையில் கஜபதி, புளியமரத்தடியில் தம்மைச் சூழ்ந்த ஊராருக்கு எஞ்சினை விளக்கிவிட்டு, கிணற்று ராட்டினத்தின் அச்சு தளர்ந்திருக்கக் கண்டு அதை முடுக்கிக் கொடுத்தார். கௌரியம்மாள் திரும்பிவந்தபோது மணி பத்து. "மூணு வீடு," என்றார் தமக்குத்தாமே சொல்லிக்கொள்வதுபோல. "மாட்டுக்கு இது முழுசா ஒரு நாளு."

ஊர் எல்லைக்கு வந்து, பஜாரின் முதல் கடை கண்ணில் படும் இடத்தில், எஞ்சின் இருமியது. இரண்டாம் முறையும் இருமி நின்றுவிட்டது. இங்கே இறக்கம் ஏதும் இல்லை. கஜபதி இறங்கி, மூடியைத் திறந்து, மூங்கில் குச்சியை விட்டு எடுத்தார். குச்சி காய்ந்திருந்தது.

"எண்ணெய் எங்கப்பா போச்சு?" என்றார் கௌரியம்மாள்.

சொல்லாமல் தப்பிக்க அவருக்கு வழி தெரியவில்லை. "நாலு ஞாயித்துக்கிழம நிக்க வெச்சே ஓட்டினேங்க. எஞ்சின் புடிச்சிக்கப் போவுதேன்னு, கால் மணி, அரை மணி. வண்டி எங்கியும் போவலியே, எண்ணெயும் அப்படியே கீதுன்னு இருந்துட்டேன்."

பட்டியலும் சித்திரையும் மணவூர்க் கிணறும் கஜபதியின் கண்முன் வரிசையாக வந்து நின்றன. ஸ்டேஷனுக்கு ஓடி ஒரு ஜட்கா பிடித்து வருவதாகச் சொன்னார். கௌரியம்மாள் இறங்கவில்லை. குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, "தள்ளு," என்றார்.

கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அவர் தள்ளினார். பஜார் முழுவதும் கடைவாசலுக்கு வந்துவிட்டது. சாமி புறப்பாடு என்று ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பாவா, வாகனம் ஜோராத்தான் கீது. ஆனா தூக்கறதுக்கு நாலு ஆளு வேணுமே," என்றான் சடகோபன், என்றாலும் கடையை விட்டு இறங்கிவந்து பின்பக்கம் ஒரு கை கொடுத்தான். கஜபதி தலை நிமிரவில்லை.

பத்துக் கடை தாண்டியிருக்கும். பக்கத்தில் தோல் பையின் கொக்கி திறக்கும் ஓசை கேட்டது.

"அந்தக் கட்டத்துல இன்னா கேட்டுகீறாங்க?"

"இன்னா அவசியம்னுங்க."

கௌரியம்மாள் குடையை மடக்கிக் காலடியில் போட்டார். பையின்மேல் ஒரு தாளை விரித்து, பேனாவின் மூடியைப் பல்லில் கடித்து எடுத்து, வாய்க்குள் சொல்லிக்கொண்டே எழுதத் தொடங்கினார். மணியம்மை, ஒன்பதாம் மாதம், கெங்கம்மாள், எட்டாம் மாதம், ஊர்ப்பெயர், மைல் ஆறு, ஞாயிறுதோறும். "மெள்ளத் தள்ளுங்க, எழுத்து ஆடுது," என்றார் நிமிராமலே.

கஜபதி தாளின் பக்கம் பார்க்கவில்லை. தொட்டிச் சக்கரத்தின் வழியில் முட்டை அளவு ஜல்லிக்கல் ஒன்று கிடந்தது. சடகோபனை நிற்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, முன்னால் போய்க் குனிந்து, அதை எடுத்துச் சாலையோரத்தில் வைத்தார்.